சார்கோமாவுக்கு எந்த வைரஸ்? முன்கூட்டிச் சொல்லும் பரிசோதனைகளில் மலையகத்துக்கு எது சரிவரும்

புற்றுக் கலங்களைத் தேடிக் கொல்லும் வைரஸ்களில் சில ஏற்கெனவே மருந்தாகிவிட்டன. தலை, கழுத்துப் புற்றுக்கு எச்-101 என்ற அடினோவைரஸைச் சீனா 2005இல் அனுமதித்தது. தோல் புற்றான மெலனோமாவுக்கு டி-வெக் என்ற ஹேர்ப்பிஸ் வைரஸை அமெரிக்கா 2015இல் அனுமதித்தது. மூளைக் கட்டிக்கான இன்னொரு ஹேர்ப்பிஸ் வைரஸுக்கு 2021இல் யப்பான் நிபந்தனையோடு இடம் கொடுத்தது. எலும்பிலும் தசையிலும் கொழுப்பிலும் வளரும் சார்கோமா இந்த வரிசையில் இல்லை. ஆகவே கீழே வரும் ஒப்பீடு எதுவும் நோயாளிக்கு மருந்து எழுதுவதற்கானது அல்ல. ஒரு கட்டித் துண்டு கையில் இருக்கிறது, அதைக்கொண்டு எந்த வைரஸ் எடுபடும் என்று ஆராய வேண்டும், எந்தப் பரிசோதனைக்கு அந்தத் துண்டைச் செலவழிப்பது என்ற கேள்விக்கானது.

கேள்வி சின்னதாகத் தெரியலாம். ஆனால் சார்கோமாவில் எழுபதுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. பெரியவர்களின் புற்றுநோய்களில் அது சுமார் 1 வீதம்தான். வகைக்கு நூறு துண்டு சேர்த்து ஆராயலாம் என்ற வசதி யாருக்கும் இல்லை. கிடைப்பதோ ஊசி பயொப்சியில் வந்த நாலைந்து நூல் துண்டுகள், அல்லது சத்திரசிகிச்சையில் வெட்டிய ஒரு கீற்று. அதிலும் முதல் உரிமை நோயியல் நிபுணருக்கு. நோய் என்னவென்று எழுதி முடிக்கும் முன் ஆய்வுக்காக ஒரு துண்டைக்கூட எடுக்கக் கூடாது. மிஞ்சுவதை வைத்துத்தான் பேச்சு.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். எந்தப் பரிசோதனை நல்லது என்பதைவிட, சத்திரசிகிச்சைத் தியேட்டரிலிருந்து ஆய்வுகூட மேசைக்கு எத்தனை மணித்தியாலம் என்பதுதான் இலங்கை மலையகத்தில் தெரிவைத் தீர்மானிக்கும். இன்னொன்று: இருக்கும் எல்லாப் பரிசோதனைகளும் "இந்த வைரஸ் வேலை செய்யாது" என்பதை ஓரளவு நம்பிக்கையாகச் சொல்லும். "வேலை செய்யும்" என்று ஒன்று சொன்னால் அதைப் பாதி விலைக்கு எடுங்கள்.

போமலின் பிளொக்கில் சாயமிடுதல்

மிக மலிவான வழி இது. பதுளையிலோ நுவரெலியாவிலோ ஏற்கெனவே மெழுகில் பதித்து வைத்த பிளொக்கிலிருந்து 4 மைக்ரோன் தடிப்பில் வெட்டி, வைரஸ் நுழையும் வாங்கி கலத்தின் மேல் இருக்கிறதா என்று பிறபொருளெதிரிச் சாயத்தால் பார்ப்பது. அடினோவைரஸுக்குக் 'கார்' என்ற வாங்கி, ஹேர்ப்பிஸுக்கு நெக்டின்-1, தட்டம்மைத் தடுப்பூசி வைரஸுக்கு சி.டி.-46. பிளொக்கைத் தபாலில் அனுப்பலாம். பழையதானாலும் பாதகமில்லை.

பிரச்சினை என்னவென்றால், நுழைவது வேறு, உள்ளே பெருகுவது வேறு. கூடையில் இருக்கும் கொழுந்தைப் பார்த்து ஏலத்தில் தேயிலை என்ன விலை போகும் என்று சொல்வது போன்ற வேலை இது. சி.டி.-46 மனித உடலில் கருவுள்ள கலங்கள் ஏறத்தாழ எல்லாவற்றிலும் இருக்கிறது. அது இருக்கிறது என்று கண்டுபிடிப்பதால் யாருக்கும் லாபமில்லை. 'கார்' மட்டும் எதிர்மறையாக உதவும். கட்டியில் அது அறவே இல்லையென்றால் வழமையான 5ஆம் வகை அடினோவைரஸில் துண்டை வீணாக்க வேண்டாம். வேறு வழியால் நுழையும்படி மாற்றியமைத்த அடினோவைரஸையோ வேறு குடும்பத்தையோ பாருங்கள். யப்பானின் ஒக்கயாமா பல்கலைக்கழகத்தார் எலும்பு, மென்னிழையச் சார்கோமாக் கல வரிசைகளில் (ஆய்வுகூடத்தில் தொடர்ந்து வளர்த்துவரும் கலங்கள்) தங்கள் அடினோவைரஸைச் சோதித்தபோதும், எடுபடாத சில வரிசைகளுக்கு இந்த வாங்கிப் பற்றாக்குறையே காரணமாக நின்றது. அந்த வைரஸ், கலம் ஓயாமல் பிரிய உதவும் டெலோமரேஸ் நொதியத்தின் பரம்பரையலகை ஆளியாக வைத்துப் பெருகுவது. எலும்பில் வரும் ஒஸ்டியோசார்கோமாவில் பல கட்டிகள் டெலோமரேஸ் இல்லாமலே காலந்தள்ளுபவை. அப்படியிருந்தும் சிலவற்றில் அது வேலை செய்தது, ஏனென்றால் வைரஸின் சொந்தப் புரதமே அந்த ஆளியைத் தூண்டிவிட்டது. காகிதத்தில் சரியாகத் தெரியும் குறியீடு ஒன்று நடைமுறையில் எப்படி வழுக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

வாங்கியைவிடப் பயனுள்ள சாயம் இன்டர்பெரோன் பக்கம் இருக்கிறது. வைரஸ் நுழைந்ததும் அலாரம் அடிக்கும் ஏற்பாடு கட்டிக் கலத்தில் உயிரோடு இருந்தால் வைரஸ் அங்கேயே மடக்கப்படும். ஜேர்மனியின் டியூபிங்கன் ஆய்வாளர்கள் 2013இல் எட்டுச் சார்கோமாக் கல வரிசைகளில் தட்டம்மைத் தடுப்பூசி வைரஸைச் சோதித்தார்கள். ஐந்து இறந்தன, மூன்று தாக்குப்பிடித்தன. தாக்குப்பிடித்தவற்றில் வைரஸ் ஆர்.என்.ஏ.யை மோப்பம் பிடிக்கும் ரிக்-ஐ புரதமும் இன்டர்பெரோன் தூண்டும் ஐஃபிட்-1உம் தூக்கலாக எழும்பின. பிளொக் மட்டுமே கையில் இருப்பவர்கள் இந்த அலாரத்தைச் சேர்ந்த எம்.எக்ஸ்-1, ஸ்டிங் என்ற இரண்டு புரதங்களையும் சாயமிட்டுப் பார்ப்பது நெக்டினைத் துரத்துவதைவிட மேல்.

எலும்புத் துண்டில் ஒரு பொறி உண்டு. சுண்ணாம்பை நீக்க நைத்திரிக் அல்லது ஐதரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்த துண்டில் புரதச் சாயம் மங்கும், ஆர்.என்.ஏ. சிதைந்துபோகும். "இந்தக் கட்டியில் வாங்கி இல்லை" என்ற முடிவுக்குப் பின்னால் சில வேளை கட்டி இருக்காது, அமிலம்தான் இருக்கும். தீர்வு எளிது: துண்டு வந்ததும் மிருதுவான பகுதியைப் பிரித்து, சுண்ணாம்பு நீக்காமல் தனி பிளொக்காகப் பதியச் சொல்லுங்கள். கட்டாயம் நீக்கத்தான் வேண்டுமென்றால் ஈ.டி.டி.ஏ. கரைசலில் ஆறுதலாக நீக்கட்டும்.

தட்டில் வளர்த்த கலங்கள்

எல்லாரும் முதலில் நினைப்பது இதைத்தான். 96 குழித் தட்டில் குழிக்கு 5,000 முதல் 10,000 கலம், அடுத்த நாள் கலத்துக்கு 0.1, 1, 10 என்ற விகிதத்தில் வைரஸ், 72 அல்லது 96 மணித்தியாலம் கழித்து எத்தனை கலம் மிச்சம் என்று சாயத்தால் அளப்பது. சுத்தமான வளைகோடு வரும், பட்டமளிப்பு ஆய்வுக்கு அழகாக இருக்கும். ஒரு வைரஸின் இரண்டு வடிவங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்கு இதைவிடத் தோதான முறையும் இல்லை.

நோயாளியின் கட்டி எப்படி நடந்துகொள்ளும் என்று கேட்டால் மட்டும் இது இரண்டு பக்கமும் பொய் சொல்லும். சந்தையில் கிடைக்கும் பழைய கல வரிசைகளில் பல, வருடக் கணக்கில் தட்டில் வாழ்ந்து அலாரத்தைத் தொலைத்தவை, யூ-2 ஓ.எஸ். என்ற பிரபல ஒஸ்டியோசார்கோமாக் கலத்தில் ஸ்டிங் பாதையே செத்துக் கிடக்கிறது. டி.என்.ஏ. வைரஸுக்கு அங்கே அந்தத் தடை இல்லை. மறுபக்கம், நோயாளியின் துண்டிலிருந்து புதிதாக வளர்த்தால் மூன்றாம் நான்காம் தலைமுறையில் கட்டிக் கலத்தை ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற சாதாரண இணைப்பிழையக் கலம் முந்திவிடும். ஃபைப்ரோபிளாஸ்டின் இன்டர்பெரோன் பாதை முழு ஆரோக்கியம். வைரஸ் தோற்றுவிட்டது என்று எழுதுவீர்கள். அது தோற்றது கட்டியிடம் அல்ல. சார்கோமாக் கலமும் ஃபைப்ரோபிளாஸ்டும் நுணுக்குக்காட்டியில் ஒரே கதிர் வடிவம் என்பதால் கண்ணை நம்ப முடியாது. கட்டியின் தனி அடையாளத்தை, உதாரணமாகக் கொழுப்புச் சார்கோமா என்றால் எம்.டி.எம்-2 பரம்பரையலகுப் பெருக்கத்தை, வைரஸ் போடும் அதே தலைமுறையில் உறுதிசெய்யாத தரவைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

உருண்டையாக வளர்க்கும் முப்பரிமாண முறை, வைரஸ் உள்ளே ஊடுருவுகிறதா என்று காட்டும். ஃபைப்ரோபிளாஸ்ட் தொல்லை அங்கும் தீராது.

உயிருள்ள கட்டித் துண்டு

நேரம் ஒத்துவந்தால் எங்கள் தெரிவு இதுதான். கலங்களைப் பிரித்து வளர்க்காமல், கட்டியின் கட்டமைப்பு, குருதிக்குழாய், உள்ளே இருக்கும் வெண்கலங்கள் எல்லாம் அப்படியே இருக்க, துண்டுக்குள்ளேயே வைரஸ் பெருகுகிறதா என்று பார்ப்பது. அதிரும் அலகால் மெல்லிசாக வெட்டும் வைப்ரடோம் கருவி இருந்தால் 300 முதல் 400 மைக்ரோன் தகடுகளாக வெட்டலாம். இல்லாவிட்டால் தோல் பயொப்சிக்குப் பாவிக்கும் 2 மில்லிமீற்றர் பன்ச் போதும், எந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலும் கிடைக்கும்.

கொண்டுவரும் முறையில்தான் பாதி வெற்றி. போமலின் கிட்டவும் வரக் கூடாது. வளர்ப்பூடகத்தில் மில்லிலீற்றருக்கு 100 அலகு பெனிசிலின், 100 மைக்ரோகிராம் ஸ்ட்ரெப்டோமைசின், 2.5 மைக்ரோகிராம் அம்ஃபொடெரிசின் சேர்த்த குழாயில் துண்டை முழுக அமிழ்த்தி, ரெஜிபோம் பெட்டியில் 4 பாகையில் அனுப்ப வேண்டும். குழாய் நேராக ஐஸில் தொடக் கூடாது, இடையில் துணி வையுங்கள். ஓரம் உறைந்த துண்டு செத்த துண்டு. ஆறு மணித்தியாலத்துக்குள் மேசைக்கு வந்தால் நல்லது. அடுத்த நாள் வந்தாலும் சில கட்டிகள் உயிரோடு இருக்கும், ஆனால் எவை என்று முன்கூட்டித் தெரியாது.

24 துண்டு வெட்ட முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். பங்கீடு இப்படிப் போகும். எட்டுத் துண்டுக்கு வைரஸ்: நான்கை ஆரம்பத்திலேயே கழுவி எடுத்து உறைய வைப்பது, நான்கை 72 மணித்தியாலம் விடுவது. நான்குக்கு வைரஸும் ருக்ஸொலிட்டினிப்பும். இந்த மருந்து இன்டர்பெரோன் சமிக்ஞையை அடைக்கும். நான்குக்கு ஊதாக் கடந்த ஒளியில் கொன்ற வைரஸ். ஆறுக்கு ஒன்றும் இல்லை: அவற்றில் ஒன்றை ஆரம்பத்திலும் ஒன்றை முடிவிலும் போமலினில் போட்டு உண்மையில் கட்டிதானா, உயிரோடு இருந்ததா என்று பார்ப்பது, மற்ற நான்கு உயிர்ப்புச் சோதனைக்கு. இரண்டு ஆர்.என்.ஏ.க்கு. ஆக 24 துண்டும் ஒரே ஒரு வைரஸுக்குச் சரியாகிவிட்டது. ஒரு பயொப்சியில் ஆறு வைரஸை ஒப்பிட்டதாக யாராவது சொன்னால், எந்தக் கட்டுப்பாட்டை விட்டுவிட்டீர்கள் என்று கேளுங்கள். துண்டுகளை வெட்டிய வரிசையில் குழிகளில் போடாமல் கலக்கிப் போடுவதும் முக்கியம். கட்டியின் ஒரு பக்கம் அழுகி மறுபக்கம் உயிரோடு இருப்பது சார்கோமாவில் சாதாரணம்.

துண்டுக்குப் பத்து லட்சம் முதல் ஒரு கோடி வரை தொற்று அலகு, 100 முதல் 200 மைக்ரோலீற்றர் என்ற சிறு கனவளவில் இரண்டு மணித்தியாலம். பிறகு மூன்று தரம் கழுவி 1 மில்லிலீற்றர் ஊடகம். முடிவில் துண்டை எடை பார்த்து, அரைத்து, பத்துப் பத்தாக ஐதாக்கி, வீரோ என்ற குரங்குச் சிறுநீரகக் கலம் வளரும் தட்டில் ஊற்றி, ஹேர்ப்பிஸ் என்றால் மூன்று நாள் கழித்து கிறிஸ்டல் வயலட் சாயத்தில், வைரஸ் கலங்களைக் கொன்ற ஓட்டைகளை எண்ண வேண்டும். ஆரம்பத் துண்டில் இருந்ததைவிடப் பத்து மடங்காவது ஏறியிருந்தால்தான் பெருகியது என்று எடுத்துக்கொள்வோம். ஆரம்ப அளவீடு இல்லாமல் கடைசி எண்ணை மட்டும் காட்டுவது, போட்ட வைரஸையே திரும்ப எண்ணுவதுதான். கொழுப்புச் சார்கோமாவில் இது இன்னும் மோசம்: துண்டு மிதக்கும், ஒரு முகம் காய்ந்து போகும், கழுவும்போது குழாயோடு போய்விடும். குழிக்குள் வைக்கும் வலைத் தட்டில் கிடத்தினால் சரியாகும்.

ருக்ஸொலிட்டினிப் வரிசைதான் இந்தச் சோதனையின் சாறு. மருந்தோடு மட்டும் வைரஸ் குபீரென்று ஏறினால் தடை இன்டர்பெரோன் என்று தெளிவு. அப்போது இன்டர்பெரோனை எதிர்க்கத் தன் சொந்தப் புரதங்களை வைத்திருக்கும் வக்சினியா (பெரியம்மைத் தடுப்பூசி வைரஸ்) போன்றவற்றைப் பார்க்கலாம். மருந்தோடும் ஏறாவிட்டால் தடை நுழைவிலோ கலத்துக்குள் வேறெங்கோ இருக்கிறது; பிளொக்கில் வாங்கிச் சாயத்தைப் பார்க்க அதுதான் நேரம், முதலில் அல்ல.

ஒளிரும் வைரஸ் பாவிப்பவர்கள் பச்சை நிறத்தைக் கண்டு மயங்க வேண்டாம். வெட்டுப்பட்ட ஓரத்துக் கலம் எதையும் உள்ளே விடும். துண்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் பச்சை பெரும்பாலும் வெளி விளிம்பில் மெல்லிய வளையமாக நிற்கும், நடுப்பகுதி வெறுமையாக இருக்கும். படம் எடுப்பதென்றால் குறுக்கு வெட்டில் எடுங்கள்.

எந்தத் துண்டுக்கு இந்த முறை ஆகாது? சுண்ணாம்பேறிய ஒஸ்டியோசார்கோமாவில் பன்ச் வளையும், வைப்ரடோம் அலகு மழுங்கும். எலும்புக்கு வெளியே வழிந்த மிருதுவான பகுதி கிடைத்தால் மட்டும் முயலலாம். கீமோ கொடுத்த பிறகு வெட்டிய கட்டியும் வேண்டாம். மெதொட்ரெக்ஸேட், டொக்சோரூபிசின், சிஸ்பிளாட்டின் மூன்றும் நன்றாக வேலை செய்த ஒஸ்டியோசார்கோமாவில் 90 வீதத்துக்கு மேல் இறந்த இழையம்தான் இருக்கும். கீமோவுக்கு முந்திய பயொப்சியே தேவை.

குருதி: மறக்கப்படும் மலிவான சோதனை

துண்டில் வைரஸ் எவ்வளவு பெருகினாலும், நாளத்தில் ஏற்றும்போது நோயாளியின் பிறபொருளெதிரி அதை வழியிலேயே மடக்கினால் ஒன்றுமில்லை. 5 மில்லிலீற்றர் குருதி போதும். சீரத்தை 56 பாகையில் 30 நிமிடம் வைத்து, பத்தில் ஒன்று தொடங்கி இரட்டிப்பாக ஐதாக்கி, 100 தொற்று அலகு வைரஸோடு 37 பாகையில் ஒரு மணித்தியாலம் கலந்து வீரோ தட்டில் ஊற்றுவது. ஓட்டைகள் பாதியாகும் ஐதாக்கத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். சீரத்தைப் பிரித்து உறைய வைத்தால் பதுளையிலிருந்து அடுத்த வாரம் வந்தாலும் கெடாது.

இலங்கையில் தட்டம்மைத் தடுப்பூசி 1984 முதல் கொடுக்கப்படுகிறது. 2019இல் உலக சுகாதார நிறுவனம் நாட்டில் தட்டம்மை ஒழிந்ததாக அறிவித்தது. அந்த அளவுக்கு ஊசி போட்ட சனத்தில் தட்டம்மை வைரஸை நாளத்தில் ஏற்றும் திட்டத்துக்கு இந்தச் சோதனை தொடக்கத்திலேயே சிவப்பு விளக்குக் காட்டும். கட்டிக்குள் நேராக ஊசியால் ஏற்றும் டி-வெக் போன்றவற்றுக்கு இது பெரிய தடை அல்ல. பிறபொருளெதிரி இல்லாதவரும் தாங்கட்டும் என்றுதான் அதன் முதல் ஊசி மில்லிலீற்றருக்குப் பத்து லட்சம் அலகாக ஐதாகக் கொடுக்கப்படுகிறது. மூன்று வாரம் கழித்துப் பத்துக் கோடிக்கு ஏறும்.

அப்படியானால் கிளினிக்கில் இருக்கும் தடுப்பூசிப் புட்டியையே ஆய்வுக்கு எடுக்கலாமா என்ற யோசனை மாணவர்களுக்கு வருவதுண்டு. ஒரு தடவை போடும் ஊசியளவில் இருக்க வேண்டிய குறைந்தபட்சம் ஆயிரம் தொற்று அலகு. அமெரிக்காவில் மயிலோமா என்ற என்பு மச்சைப் புற்று நோயாளிகளுக்குத் தட்டம்மை வைரஸை ஏற்றிய சோதனையில் கொடுத்த உச்ச அளவு பத்தாயிரம் கோடி. இரண்டுக்கும் இடையில் பத்துக் கோடி மடங்கு.

எலியும் நாயும் கணினியும்

நிர்ப்பீடனம் இல்லாத எலியில் மனிதக் கட்டியை வளர்த்து வைரஸ் ஏற்றினால் பெரும்பாலும் கட்டி சுருங்கும். கட்டியைத் தாக்கும் ரீ கலங்கள் என்ற வெண்கலங்கள் இல்லாத உடலில் கிடைத்த வெற்றி அது, மனிதருக்குப் பெயர்க்க முடியாது. மனித அடினோவைரஸ் எலிக் கலத்தில் ஒழுங்காகப் பெருகுவதும் இல்லை. நாய்களுக்கு ஒஸ்டியோசார்கோமா தானாக வரும், அவற்றின் நிர்ப்பீடனமும் முழுமையானது. நாட்டின் கால்நடை மருத்துவ பீடம் பேராதனையில் இருப்பதால் நீண்ட காலத் திட்டமாக இதை யோசிக்கலாம். இந்த வருட முடிவுக்கு உதவாது. பரம்பரையலகு அளவுகளைக் கணினிக்குக் கொடுத்து மதிப்பெண் வாங்கும் வழியோ, எந்தக் கல வரிசைத் தரவில் பழகியதோ அந்தத் தரவின் பொய்யையும் சேர்த்தே கற்றிருக்கும்.

நல்ல விடை வந்தாலும்

மேலே சொன்ன எல்லாம் அளப்பது வைரஸ் கலத்தைக் கொல்வதை. நோயாளியில் வேலையின் பெரும் பகுதியைச் செய்வது, இறந்த கலம் எழுப்பும் நிர்ப்பீடனம். இரண்டும் எதிரெதிராக இழுக்கும்: ஸ்டிங் செத்த கட்டியில் வைரஸ் நன்றாகப் பெருகும், ஆனால் ரீ கலங்களைக் கூப்பிடும் குரலும் அங்கே செத்திருக்கும். அமெரிக்காவில் டி-வெக்கையும், நிர்ப்பீடனத்தின் தடையை அவிழ்க்கும் பெம்ப்ரொலிசுமாப் மருந்தையும் சேர்த்துக் கொடுத்த சோதனையில் 20 சார்கோமா நோயாளிகளில் 7 பேருக்குக் கட்டி சுருங்கியது, 35 வீதம். பெம்ப்ரொலிசுமாபை மட்டும் கொடுத்த இன்னொரு சோதனையில் மென்னிழையச் சார்கோமாவில் 40க்கு 7, எலும்புச் சார்கோமாவில் 40க்கு 2. வைரஸ் இரட்டிப்பாக்கியது என்று துள்ள வேண்டாம். இரண்டிலும் சேர்ந்த சார்கோமா வகைகள் வேறு, நேருக்கு நேர் ஒப்பிடவில்லை. எலும்பின் 40க்கு 2 என்ற எண் மட்டும் மனதில் இருக்கட்டும். வைரஸ் உதவுவதானால் மிக வேண்டிய இடம் அதுதான், துண்டு எடுக்க மிகக் கடினமான இடமும் அதுதான்.

எங்கிருந்து அனுப்புகிறீர்கள்?

ஆய்வுகூட மேசை கண்டி, பேராதனைப் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். அங்கேயே உள்ள தியேட்டர்களிலிருந்து என்றால் தயங்காமல் உயிருள்ள துண்டும் சீரமும். ஹட்டன், நுவரெலியாப் பக்கமென்றால் றம்பொடை வழியாகவோ நாவலப்பிட்டி வழியாகவோ மூன்று மணித்தியாலம் பிடிக்கும். காலை முதல் சத்திரசிகிச்சையாக வைத்து, வாகனம் வாசலில் நின்றால் முடியும். மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை மூடினால் அன்றைய துண்டைப் போமலினுக்கு மாற்றும் முடிவைக் காலையிலேயே எடுங்கள், பாதி வழியில் அல்ல. பதுளை, பண்டாரவளைக்கு நாங்கள் சொல்வது பிளொக்கும் சீரமும் மட்டும். உறையும்போது கலத்தைக் காக்கும் டி.எம்.எஸ்.ஓ. திரவத்தின் பத்து வீதக் கரைசலில் மெதுவாக உறைய வைத்து அனுப்பலாம்தான், ஆனால் உருகி எழும் துண்டில் வைரஸ் பெருகாவிட்டால் குற்றம் கட்டியினதா உறைவினதா என்று பிரிக்க முடியாது.

நுவரெலியாவிலேயே வளர்ப்பு அறை தொடங்க நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 1,868 மீற்றர் உயரத்தில் வளியமுக்கம் கடல் மட்டத்தின் 80 வீதம் அளவு. அடைகாப்புப் பெட்டியில் 5 வீதம் காபனீரொட்சைட்டு என்று வைத்தால் ஊடகத்தின் பி.எச். சுமார் 0.1 ஏறி நிற்கும், 6.2 வீதத்துக்கு உயர்த்துங்கள். ஓட்டோகிளேவ் மானியில் 15 இறாத்தல் காட்டினாலும் உள்ளே வெப்பநிலை 118 பாகை அளவுதான். மானியைப் பார்க்காமல் வெப்பமானியைப் பாருங்கள். மின்வெட்டு நடந்த ஊரில் வைரஸ் புட்டியின் லேபிள் எண்ணையும் நம்பக் கூடாது. ஒவ்வொரு சோதனையன்றும் மிஞ்சிய வைரஸை வீரோ தட்டில் எண்ணி, உண்மையில் எவ்வளவு போட்டோம் என்று எழுதுங்கள்.

அனுமதிப் படிவத்தைத் தோட்டத்திலிருந்து வரும் குடும்பத்துக்கு வாசிக்கும்போது கட்டாயம் வரும் கேள்வி: "ஐயா, கொரோனா மாதிரி கிருமிய நம்ம ஒடம்புக்குள்ளயே ஏத்தப் போறீங்களா?" நேரான பதில் இதுதான்: "இல்லம்மா, வெட்டி எடுத்த துண்டுலதான் பாக்குறோம். ஒங்களுக்கு ஒண்ணும் ஏத்த மாட்டோம், இதனால ஒங்க வைத்தியமும் மாறாது." அந்தக் கடைசி வாக்கியத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் முடிவு கிளினிக் கொப்பியில் ஏறக் கூடாது. "வைரஸுக்கு நன்றாக எடுபடுகிறது" என்று அங்கே ஒரு வரி எழுதிவிட்டால், மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கதிர் சிகிச்சைக்குத் திகதி கொடுத்திருக்கும் நோயாளி அந்த வரியைப் பிடித்துக்கொண்டு, இல்லாத மருந்துக்காகக் காத்திருக்கத் தொடங்குவார்.